முப்பத்தாறு இழுப்பறைகள்

மாரிசெல்வியின் வேலை கீறல் பார்ப்பது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் தொழிற்சாலையில், லைனின் கடைசி மேசையில், வெள்ளை விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, தன் முன்னால் வரும் ஒவ்வொரு போனின் மேல்மூடியையும் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். அதில் இருப்பது கீறலா, தூசியா, அச்சு பிசகியதா என்று மூன்று நொடிக்குள் சொல்லிவிட வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பிளஸ் டூ முடித்த கையோடு 2008இல் வந்து சேர்ந்தவள். அந்த மேசையில் உட்கார்ந்த பெண்கள் ஆறு மாதத்தில் கண் எரிகிறது என்று மாற்றல் கேட்டுப் போய்விடுவார்கள். இவள் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தாள். ஒரு பொருளைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, இது எப்படி இப்படி ஆயிற்று என்று யோசிப்பது அவளுக்கு அலுக்கவே இல்லை.

2011 தை மாதம் அத்தை மகன் தளவாயைக் கல்யாணம் செய்துகொண்டாள். தளவாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் இருந்தான். இருவரும் மண்ணூரில் சின்னப்பொண்ணு என்பவரின் வீட்டுப் பின்பக்கத்தில் குடிவந்தார்கள். ஒரே அறை, ஒரு மூலையில் சமையல், வாசலில் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு. சின்னப்பொண்ணு அந்த ஊர்க்காரர். நிலத்தை விற்ற பிறகு முன்வீட்டை மாடி வைத்துக் கட்டி, பின்பக்கத்தை வாடகைக்கு விட்டிருந்தார். முதல் நாள் எட்டிப் பார்த்தவர், "இன்னாம்மா, வூட்ல ஒண்ணுமே காணோம். பேசினா திருப்பிப் பேசுது சுவரு" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரு பாய், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம், கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம். வேறெதுவும் இல்லை.

கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஷோரூமில் கட்டிலும் பீரோவும் எடுத்தார்கள். மாரிசெல்வியும் ஒரு நாள் போய்ப் பார்த்தாள். கட்டிலின் பின்பக்கம் குனிந்து, பலகை வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். மரத்தூள் உதிர்ந்தது. கடைக்காரர் முறைத்தார். திரும்பி வந்துவிட்டாள்.

இருங்காட்டுக்கோட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அப்பாவு என்பவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரக் கம்பெனிகளின் கேன்டீன், கெஸ்ட் ஹவுஸ், ஹாஸ்டல் எதை மாற்றினாலும், கழித்தது எல்லாம் அங்கேதான் வந்து விழும். ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்ற மாரிசெல்வி அந்தக் குவியலில் ஒரு மர நாற்காலியைப் பார்த்தாள். நான்கு காலில் ஒரு கால் மட்டும் இரண்டு விரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"இது ஏன்ணே ஒரு காலு மட்டும் தேஞ்சிருக்கு?"

"தேஞ்சிப் போச்சி. அதுக்கு இன்னா காரணம் கேக்கற?" என்றார் அப்பாவு.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். பிறகு எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று விசாரித்தாள். கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்த நாற்காலி. வண்டி வருகிறதா என்று ஒரே பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்துப் பார்த்து, அந்தக் கால் சிமென்ட் தரையில் தேய்ந்திருக்கிறது. அது தெரிந்ததும் அவளுக்கு அந்த நாற்காலியை விட்டுவர மனம் இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். காலுக்குக் கீழே ஒரு மரத்துண்டைச் சேர்த்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்தாள். தளவாய் பஞ்சு வைத்து ரெக்சினில் சீட் தைத்துப் போட்டான். சின்னப்பொண்ணு அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "புச்சு மாரிதான் கீது" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் அறைக்குக் கட்டில் வந்தது, சின்ன மேசை வந்தது, சுவரில் தட்டு வந்தது. எல்லாம் அப்பாவு கடைச் சரக்கு. பதிலுக்கு அப்பாவு கடையில் சீட் கிழிந்து கிடந்த நாற்காலிகளுக்குக் கணவனும் மனைவியும் சீட் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் யாரிடம் இருந்தது, என்னவாக இருந்தது என்று கேட்காமல் மாரிசெல்வி எதையும் தூக்கி வரமாட்டாள். அப்பாவுவுக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது. ஆனாலும், புதிதாக ஏதாவது வந்தால் அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார்.

2012 ஆடி மாதம் அப்படி ஒரு போன் வந்தது.

கடையின் பின்பக்கம், வேலியோரம், அது நின்றிருந்தது. மாரிசெல்வியின் நெஞ்சளவு உயரம். மெஷினுக்கு அடிக்கும் பச்சை கலந்த சாம்பல் பெயிண்ட் தடிமனாகப் பூசியிருந்தது. முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். வரிசைக்கு ஆறு, மொத்தம் ஆறு வரிசை. அவற்றுக்குக் கீழே பெரிதாக இரண்டு. ஒன்றை இழுத்துப் பார்த்தாள். உள்ளே நடுவில் மெல்லிய பலகைத் தடுப்பு. மெஷின் ஆயில் வாடை.

"ஒர்க் ஷாப்புல நட்டு, வாஷரு போட்டு வெச்சிருந்தாங்கோ. இப்ப இரும்பு ரேக்கு வாங்கிட்டாங்கோ. இது வெறகுக்குத்தான் போவும்" என்றார் அப்பாவு.

"நட்டு போட இவ்ளோ நுணுக்கமா யாருண்ணே செய்வா?"

அப்பாவுவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும், இரும்பையும் பித்தளையையும் பிரித்தறிய. அதைக் கேட்டு வாங்கி அலமாரியின் மேல் ஓட்டிப் பார்த்தாள். கைப்பிடி வளையங்களில் ஒட்டியது. பலகைகள் சேரும் இடங்களில் ஆணித் தலை போல் புள்ளிகள் தெரிந்தன, அங்கே ஒட்டவில்லை. ஒரு புள்ளியில் பெயிண்டைச் சுரண்டினாள். உள்ளே இருந்தது மூங்கில். பலகைகளையெல்லாம் மூங்கில் ஆணி அடித்துச் சேர்த்திருந்தார்கள்.

அப்பாவுவும் குனிந்து பார்த்தார். "இத்தினி வருசமா மரம் வாங்கறேன். மூங்கில்ல ஆணி பாத்தது இல்ல" என்றார். நான்கு நாற்காலிக்குச் சீட் போட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று பேச்சு முடிந்தது.

குட்டி யானை வண்டியில் அது மண்ணூர் வந்து இறங்கியபோது தளவாய் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். அதைச் சுற்றி வந்து, அகலத்தைச் சாண் போட்டு அளந்தான்.

"ஏளா, கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவுல நாம நடக்கதே ஒருக்களிச்சுத்தான். இத எங்க வைக்க?"

"சாய்ப்புல இருக்கட்டும் மச்சான். என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வேணா குடுத்துருவோம்."

அது என்னவாக இருக்கும் என்பதில் ஆளுக்கொரு எண்ணம். தளவாய் தபால் ஆபீஸ் சாமான் என்றான். ஊர் ஊராகக் கடிதம் பிரித்துப் போட. சின்னப்பொண்ணு நகைக்கடை என்று அடித்துச் சொன்னார். மூக்குத்தி வேறு, தோடு வேறு. அப்பாவு பட்டன் கடையாக இருக்கும் என்றார். ஒவ்வொருவர் சொல்வதையும் மாரிசெல்வி யோசித்துப் பார்த்தாள். கடிதம் என்றால் நடுவில் தடுப்பு எதற்கு? நகை என்றால் பூட்டு எங்கே? முப்பத்தாறில் ஒன்றுக்குக்கூடப் பூட்டு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினாள். இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேல் வரிசையின் முதல் மூன்றின் முகப்பில் பெயிண்ட் ரிமூவரைத் தடவினாள். கால் மணி நேரத்தில் பெயிண்ட் பாலாடை போல் சுருங்கி எழுந்தது. பிளேடால் வழித்தாள். கீழே தேன் நிறத்தில் மரம். ஆனால் ஒவ்வொரு முகப்பிலும் கறுப்பாக இரண்டு திட்டுக் கறை. ஆயில் ஊறியிருக்கும் என்று நினைத்தாள். எண்பதாம் நம்பர் உப்புத்தாளை எடுத்து, முதலாவதைக் கறை போகும்வரை தேய்த்தாள். இரண்டாவதையும் தேய்த்தாள். மூன்றாவதும் சுத்தமாயிற்று.

நான்காவதை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தபோது கை நின்றது. தொழிற்சாலையில் அவளுக்குப் பழகிய பார்வை அது. கறை என்றால் ஓரம் மங்கிப் பரவும். இது பரவவில்லை. ஒரு கோடு தடிமனாகத் தொடங்கி, வளைந்து, கூர்மையாக முடிந்தது. அதன் குறுக்கே இன்னொரு கோடு. பக்கத்துத் திட்டும் அப்படியே. யாரோ தூரிகையால் எழுதியது.

மாரிசெல்வி உப்புத்தாளைக் கீழே வைத்தாள். தேய்த்து முடித்த மூன்றையும் எடுத்து, விளக்குக்குக் கீழே, வெயிலில், பக்கவாட்டில் என்று எல்லா விதமாகவும் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் மிச்சம் இல்லை. வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள். மதியச் சோற்றுக்குத் தளவாய் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

"தெரியாமத்தான செஞ்ச?" என்றான் அவன்.

"தெரியலன்னா நிறுத்திருக்கணும்லா. கறைன்னு நானா முடிவு பண்ணிட்டேன்."

பிறகு வந்த வாரங்களில் மீதி இழுப்பறைகளைப் பெயிண்ட் மட்டும் எடுத்து, உப்புத்தாள் தொடாமல், ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவைத்தாள். முப்பத்து மூன்று முகப்பிலும் எழுத்து இருந்தது. முகப்புக்கு இரண்டு சொல். பழைய நோட்டு ஒன்றில் அத்தனையையும் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டாள். ஒரே மாதிரி எழுத்து இரண்டு மூன்று இடத்தில் வந்தால் அடியில் கோடு போட்டாள். என்ன மொழி என்று தெரியவில்லை.

எழுத்து பிடிபடவில்லை என்றதும் உள்ளே பார்க்கத் தொடங்கினாள். தடுப்புப் பலகை பொருந்தும் காடியில், அந்த நீளப் பள்ளத்தில், அழுக்கு அடைத்திருந்தது. ஊக்கால் நோண்டி ஒரு காகிதத்தில் தட்டினாள். பெரும்பாலும் ஆயிலோடு சேர்ந்த கறுப்புப் பிசின். ஆனால் ஐந்தாம் வரிசையில் ஒரு காடிக்குள்ளிருந்து மஞ்சளாக நார் போல ஒரு துணுக்கு வந்தது. முகர்ந்து பார்த்தாள். நுனி நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு தித்திப்பு, தொண்டை வரை இறங்கியது.

"கண்டதையும் வாயில வைக்கியே, வெசமா இருந்தா?" என்று தளவாய் பதறினான்.

"அதிமதுரம் மச்சான். சின்னப் பிள்ளையில இருமலுக்கு எங்கம்மா வாயில அடக்கிக்கச் சொல்லுவா. அதே ருசி."

இன்னொரு காடியில் சுக்கு வாசனை. வேறொன்றில் பட்டை. அடுத்த நாள் ஸ்ரீபெரும்புதூர் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கி வந்து, தன் காகிதத்தில் இருந்ததோடு ஒப்பிட்டாள். மூன்றும் சரியாக இருந்தன. அது தபால் ஆபீஸும் இல்லை, நகைக்கடையும் இல்லை, மருந்துக் கடை. ஆனால் எந்த ஊர் மருந்துக் கடை?

அதைத் தெரிந்துகொள்ள, அப்பாவுவுக்கு அதை விற்ற ஒர்க் ஷாப்புக்குப் போனாள். அங்கே ஸ்டோர் பார்க்கும் மோகன் என்பவர் அவளை ஏதோ புகார் சொல்ல வந்தவள் என்று நினைத்து முதலில் பிடிகொடுக்கவில்லை. நோட்டைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"நான்தாம்மா பெயிண்ட் அடிச்சேன். கோழி காலால கிறுக்கினா மாரி இன்னாமோ இருந்துச்சி, பாக்க நல்லா இல்லன்னு மூடிட்டேன். கொரியாக்காரங்க கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து வந்துது அது. ரெண்டாயிரத்தி ஏழுல ஒரு குடும்பம் ஊருக்குப் போவறப்ப வுட்டுட்டுப் போச்சி. அவங்க பேருலாம் எனக்குத் தெரியாது."

மேலே விசாரித்தும் குடும்பத்தின் பெயர் கிடைக்கவில்லை. கெஸ்ட் ஹவுஸ் இருந்த கட்டடத்தில் இப்போது வேறு கம்பெனி. ஆனால் கொரியா என்று தெரிந்தது போதும். மாரிசெல்வியோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த சுகப்பிரியா, இப்போது கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனி ஆபீஸில் இருந்தாள். மாரிசெல்வி அவளை வரவழைத்தாள். சுகப்பிரியா போனில் பத்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மதியமே கூப்பிட்டாள். "எங்க இன்ஜினியர்கிட்ட காட்டினேன்டி. அவரு இருபத்தெட்டு வயசுக்காரரு. படிக்கத் தெரியலையாம். இது அவங்க இப்ப எழுதுற எழுத்து இல்ல, பழைய சீன எழுத்து, வயசானவங்களுக்குத்தான் தெரியும்ங்கிறாரு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. குவாலிட்டிக்கு ஆலோசகரா ஷின் சார்னு ஒருத்தர் வந்திருக்காரு, அறுபது தாண்டியாச்சு. எட்டிப் பார்த்தவரு போனை என் கையில இருந்து வாங்கிட்டாரு. திருப்பித் தரவே இல்ல. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பார்க்கலாமான்னு கேக்கச் சொன்னாரு."

வந்தார். வெள்ளைச் சட்டை, ஒல்லியான உடம்பு. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, உட்காரப் போட்ட நாற்காலியை வேண்டாம் என்று கையசைத்து, அலமாரிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் எழுத்தைப் பார்க்கவில்லை. ஒரு இழுப்பறையைக் கழற்றித் திருப்பி, மூலைகளை விரலால் தடவி, மறுபடி செருகி, இழுத்து, செருகிப் பார்த்தார். மாரிசெல்விக்கு அது பிடித்திருந்தது. அவளும் முதலில் அப்படித்தான் பார்த்தாள்.

பிறகு படிக்கத் தொடங்கினார். சுகப்பிரியா ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

"கெபி" என்றார் அவர். ஒரு மரத்தின் பட்டை, வாசனையாக இருக்கும் என்று விளக்கினார். மாரிசெல்வி அடுப்பு மேடைக்குப் போய்ப் பட்டையை எடுத்து வந்து நீட்டினாள். அவர் முகர்ந்துவிட்டு வேகமாகத் தலையாட்டினார். "கொன்காங்" என்றார். அவள் சுக்கை எடுத்து வந்தாள். ஐந்தாம் வரிசை வந்தபோது அவர் சொல்வதற்கு முன்பே அவள் கையில் அதிமதுரத் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கம்ச்சோ" என்றார் ஷின்.

அவள் அதைக் கொடுத்தாள். அவர் வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே சுகப்பிரியாவிடம் என்னவோ நீளமாகச் சொன்னார்.

"இவங்களுக்கு இந்த எழுத்து தெரியாதே, எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேக்காரு."

"அவ நக்கிப் பார்த்தான்னு சொல்லு" என்றான் தளவாய் பின்னாலிருந்து.

சுகப்பிரியா அதை எப்படிச் சொன்னாளோ, ஷின் சார் உடம்பு குலுங்கச் சிரித்தார். தளவாயும் சிரித்தான். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் கூச்சம் போய்விட்டது. அறுபத்தாறு சொல்லில் பதினான்குக்கு மாரிசெல்வியிடம் தமிழ்ப் பெயர் இருந்தது. மிளகு, வெட்டிவேர் மாதிரி ஒன்று, தாமரை விதை. மற்றவை அவளுக்குத் தெரியாத வேர்கள், கிழங்குகள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கீழேயிருந்த பெரிய இழுப்பறையைக் கழற்றியபோது, அதன் பின்பலகையில் ஒரு வரி இருப்பதை ஷின் கண்டுபிடித்தார். தேகு என்ற ஊரில் இருந்த ஒரு மருந்துக் கடையின் பெயர். வருடம் இல்லை.

போகும்போது, இதை விற்பீர்களா என்று கேட்டார். தளவாய் மனைவியைப் பார்த்தான். இடத்தை அடைக்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், முடிவை அவளிடமே விட்டான்.

"இன்னும் நான் பார்த்து முடிக்கலன்னு சொல்லு" என்றாள் மாரிசெல்வி.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேல் வரிசையின் முதல் மூன்று இழுப்பறைகளைக் காட்டினார். ஏன் இவற்றில் ஒன்றும் இல்லை? அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தானே தேய்த்து அழித்ததை மறைக்காமல் சொன்னாள். சுகப்பிரியா மொழிபெயர்க்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷின் சார் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, 2013 பங்குனியில், சுகப்பிரியாவோடு மறுபடி வந்தார். இந்த முறை பையில் ஒரு தூரிகையும் மைக் கட்டியும், மை அரைக்கும் கல்லும் இருந்தன. கொரியாவில் இருக்கும் பழைய மருந்துக்காரர் ஒருவருக்குப் படங்களை அனுப்பிக் கேட்டிருக்கிறார். இந்த மாதிரி அலமாரியில் வழக்கமாக என்னென்ன இருக்கும், அதில் இங்கே இல்லாதவை எவை என்று பார்த்து, அவர் ஆறு பெயர் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்த ஆறையும் காலியான மூன்று முகப்பிலும் தானே எழுதித் தருவதாக ஷின் சொன்னார். எழுத்து நன்றாக இருக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்றார். அது தற்பெருமை இல்லை. ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியபோது, பழைய எழுத்துக்கும் அதற்கும் மாரிசெல்வியாலேயே வேறுபாடு சொல்ல முடியவில்லை.

மூன்று இழுப்பறைகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கல்லில் தண்ணீர் விட்டு மை அரைக்கத் தொடங்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், அவர் தூரிகையைத் தோய்த்ததும் பேசினாள்.

"சுகா, அந்த ஆறு மருந்தும் நிச்சயமா இதுலதான் இருந்துச்சான்னு கேளு."

ஷின் யோசித்தார். நிச்சயம் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் இருக்கலாம்.

"அப்ப வேண்டாம்னு சொல்லு. தப்பா எடுத்துக்கப் போறாரு, மரியாதையா சொல்லு. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டா, அப்புறம் பார்க்கிற யாருக்கும் அதுல சந்தேகமே வராது. நான் அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும். அந்தப் பேரெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, 'இருக்கலாம்'னு போட்டு உள்ள வச்சுக்கிடுதேன்."

சுகப்பிரியா தயங்கினாள். பெரியவர், அதுவும் தன் கம்பெனிக்காரர், மெனக்கெட்டு வந்திருக்கிறார். ஆனாலும் சொன்னாள். ஷின் தூரிகையைக் கல்லின் ஓரத்தில் வைத்தார். மாரிசெல்வியை நேராகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"நாப்பது வருசமா குவாலிட்டி வேலை பார்க்கேன், இன்னிக்கு என் பீஸை ஒருத்தர் ரிஜெக்ட் பண்ணிட்டாங்கங்கிறாரு."

கோபித்துக்கொண்டாரோ என்று மாரிசெல்வி பயந்தாள். அவர் காகிதத்தில் ஆறு பெயரையும் அழகாக எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். அன்று அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். காரம் தாங்காமல் மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார்.

அந்த அலமாரியைப் பற்றி ஷின் சார் தன் ஊர்க்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முதலில் அவர் மனைவியும் அந்த அம்மாளின் தோழிகள் இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். பிறகு, வேலைக்காலம் முடிந்து ஊர் திரும்பும் குடும்பங்கள், சாமான்களை வாட்ச்மேனிடம் விடாமல் மாரிசெல்வியைக் கூப்பிடத் தொடங்கின. குட்டையான சாப்பாட்டு மேசை, துணி வைக்கும் மரப்பெட்டி, மடக்குத் திரை. கூப்பிட்ட இடத்துக்கு வார விடுமுறையில் இருவரும் போவார்கள். இது எங்கே செய்தது, எதற்கு, எங்கே உடைந்தது என்று அவள் கேட்பாள். சுகப்பிரியா போனில் மொழிபெயர்ப்பாள். சரிசெய்தவற்றை, புதிதாகக் கல்யாணமாகி வாடகை வீட்டில் குடியேறும் கம்பெனிப் பிள்ளைகள் வாங்கிப்போனார்கள். ஐந்தடி அகல அறையில் எதை எங்கே வைத்தால் நடக்க வழி இருக்கும் என்று மாரிசெல்வி வீட்டுக்கே வந்து காட்டிக்கொடுத்தாள்.

2014 கடைசியில் செல்போன் தொழிற்சாலை மூடிவிட்டது. கடைசி நாள் அவள் தன் மேசையின் வெள்ளை விளக்கைத் தானே அணைத்துவிட்டு வந்தாள். கூட இருந்தவர்கள் பாதிப்பேர் பெட்டியோடு தெற்கே பஸ் ஏறினார்கள். அவளுக்கும் ஊரிலிருந்து கூப்பிட்டு விட்டார்கள். இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். எதையும் தொடவில்லை. மூன்றாவது வாரம் சின்னப்பொண்ணு வந்து நின்றார்.

"மாட்டக் குட்த்து நாலு வருசமாச்சி. கொட்டா சும்மாதான் கீது. அங்க வெச்சி செய்யேன். சாய்ப்புல மழ பெஞ்சா உன் சாமான்லாம் நனையுதே, பாக்கவே எனக்கு ஒரு மாரி கீது."

கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அவள் கடை போட்டாள். ஒவ்வொரு பொருளிலும் நூலில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டாள். எங்கிருந்து வந்தது, எந்தக் கால் மாற்றியது, எந்தப் பலகை ஒட்டுப்போட்டது, என்ன தெரியவில்லை என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒட்டுப்போட்டதை நீயே சொன்னால் யார் வாங்குவார்கள் என்று தளவாய் முதலில் சடைத்துக்கொண்டான். சில பேர் படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகவும் செய்தார்கள். மற்றவர்கள் அட்டையைக் கழற்றாமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தளவாய் இப்போதும் கம்பெனிக்குப் போகிறான், ஓ.டி. மட்டும் பார்ப்பதில்லை. மாலையில் கொட்டகையில் சீட் தைக்கிறான். அலமாரி வீட்டில்தான் இருக்கிறது. அவர்களுடைய மகள் தென்றல், இரண்டு வயது, கைக்கு எட்டும் இழுப்பறைகளில் கூழாங்கல்லும் பென்சில் துண்டும் போட்டு வைக்கிறாள்.

2015 வைகாசியில் ஒரகடம் பக்கமிருந்து அழைப்பு வந்தது. ஜப்பான்காரக் குடும்பம் ஒன்று காலி செய்துகொண்டிருந்தது. அவசரம், பேசக்கூட நேரமில்லை. இரண்டு நாற்காலியோடு ஒரு குட்டை மேசையையும் ஏற்றிவந்தார்கள். கொட்டகையில் அதைக் கவிழ்த்தபோது, பலகையின் அடியில் கம்பி வலை போட்ட ஒரு பெட்டி தெரிந்தது. உள்ளே சிவப்பு விளக்கு. நீளமாக ஒரு ஒயர்.

"சோறு ஆறாம இருக்கதுக்காளா?" என்றான் தளவாய். ஒயரைச் செருகப் போனவன், மேலே நூறு வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, நம் ஊர் கரண்டுக்கு எரிந்துபோகும் என்று நிறுத்திக்கொண்டான்.

"சூடு மேல வராதே. கீழதான் வரும்" என்றாள் மாரிசெல்வி. மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னப்பொண்ணு, "கோழிக்குஞ்சு வெப்பாங்கோ. அடில வுட்டு மூடிட்டா கதகதன்னு இருக்கும்" என்றார்.

சுகப்பிரியாவுக்குப் போன் போட்டார்கள். அவள் யார் யாரிடமோ கேட்டு, அரை மணி நேரத்தில் சொன்னாள். குளிர்காலத்தில் மேசை மேல் கம்பளியைப் போர்த்தி, வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து காலை உள்ளே நீட்டிக்கொள்வார்களாம். கால் சூடாக இருக்குமாம். அப்படியே சாப்பிடுவார்களாம், தூங்கிக்கூடப் போவார்களாம்.

வெளியே வெயில் கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. தளவாய் நெற்றி வேர்வையைத் துடைத்தான். மாரிசெல்வி மேசையை நிமிர்த்தி, ஃபேனுக்கு நேரே இழுத்துப் போட்டு, கொடியில் கிடந்த பழைய போர்வையை அதன்மேல் விரித்தாள்.

"உக்காருங்கக்கா. எப்படித்தான் இருக்கும்னு பார்ப்போம்."

சின்னப்பொண்ணு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். தளவாய் மகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். நான்கு பேரும் போர்வைக்குள் காலை நீட்டினார்கள். உள்ளே ஒருவர் கால் மற்றவர் காலில் பட்டது.